படை அனுப்பி ஆட்சியை மாற்றுவது: திருகோணமலை வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வரலாற்று மாஸ்டரின் பதில்கள்

கிண்ணியா வாசகர்: மாஸ்டர், சதாமை 3 கிழமையில விழுத்தின அமெரிக்கப் படையாட்கள் பிறகு ஏன் 2011 வரைக்கும் ஈராக்கில மாட்டுப்பட்டுக் கிடந்தாங்கள்?

விழுந்தது சதாம் மட்டுமில்லை தம்பி, சம்பளப் பட்டியலும்தான். 2003 ஏப்ரல் 9 பக்தாத் கைமாறியது. மே 16இல் அமெரிக்கா நியமித்த நிர்வாகி போல் பிரேமர் சதாமின் பாத் கட்சி மேல்மட்டத்தாரை அரச வேலையிலிருந்து நீக்கினார். வேலைக்காகக் கட்சியில் சேர்ந்த வாத்திமாரும் அதில் அடிபட்டார்கள். மே 23இல் இராணுவத்தையே கலைத்தார். இலட்சக்கணக்கான ஆட்கள், கையில் துவக்கு, வீட்டில் உலை வைக்க வழியில்லை. ஜூன் 18 சம்பளம் கேட்டு நிர்வாக வாசலில் கூடிய முன்னாள் படையினரில் இருவர் அமெரிக்கச் சிப்பாய்களின் சூட்டில் செத்தார்கள். அதன் பிறகுதான் மாதக் கொடுப்பனவு அறிவித்தார்கள். பின்னாளில் வந்த ஐ.எஸ். தீவிரவாத அமைப்பின் படைத் தலைமையில் சதாம் காலத்து அதிகாரிகள் இருந்தது தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்?

உவர்மலை: லிபியாவில் படை நடவடிக்கைக்கு ஐ.நா. அனுமதி இருந்ததே?

பொதுமக்களைக் காக்கத்தான் இருந்தது. ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1973ஆம் இலக்கத் தீர்மானத்தில் லிபியத் தலைவர் கடாபியை நீக்கு என்று ஒரு வரியும் இல்லை. 10 நாடுகள் ஆதரவு. இந்தியா உட்பட 5 நாடுகள் ஒதுங்கின. 2011 ஒக்டோபரில் கடாபி கொல்லப்பட்டார். ஆயுதக் களஞ்சியங்களுக்குக் காவல் போட ஆளில்லை. அடுத்த வருடமே அந்த ஆயுதங்கள் மாலியில் வெடித்தன.

மூதூர்: தலைவரை மட்டும் தூக்கினால் போதாதா?

கிண்ணியாத் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கள். துவக்கு வைத்திருப்பவனுக்கு அடுத்த மாதச் சம்பளம் யார் கொடுப்பது?

சீனக்குடா: நம்மட எண்ணெய்க் குதங்களுக்காக யாராவது படையோட வருவாங்களா?

சோதிடரிடம் கேளுங்கள்.

உப்புவெளி: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யப்பானில் சரிவந்ததே?

இதையே இன்னும் பலர் கேட்டுவிட்டீர்கள். அங்கே சக்கரவர்த்தியையும் அமைச்சு அலுவலர்களையும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். ஈராக்கில் செய்ததற்கு நேரெதிர். இனி இதைக் கேட்காதீர்கள்.

நிலாவெளி ஆசிரியை: 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் போகாமல் இருந்திருந்தால் அங்கே ஆண்ட போல்பொட் இன்னும் எத்தனை பேரைக் கொன்றிருப்பான்? கொலை நடக்கும்போதும் சம்பளக் கணக்கா சேர்?

நியாயமான குத்து. 1979 ஜனவரி 7 தலைநகர் புனோம்பென் விழுந்தது, கொலை நின்றது. அதை மறுத்தால் நான் வரலாறு படிப்பித்திருக்கவே கூடாது. ஆனால் வியட்நாம் படை வெளியேற 1989 ஆனது. விரட்டப்பட்ட பிறகும் போல்பொட் தரப்பு ஐ.நா. ஆசனத்தைப் பல வருடம் விடவில்லை.

உப்புவெளி (மறுபடி): அப்ப தன்சானியா உகண்டாவின் இடி அமினை விரட்டினது? ஆசிரியை சொல்வதுதான் சரி!

முதலில் எல்லை தாண்டியது அமின். அதனால் தன்சானியாவைக் குறை சொல்லமாட்டேன். அமின் 1979 ஏப்ரலில் ஓடினார். 1980இல் முன்னாள் சனாதிபதி ஒபோட்டே திரும்பி வந்தார். உகண்டாவில் 1986 வரை உள்நாட்டுப் போர். பிள்ளை, அந்த ஏழு வருடத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்துவிட்டு எழுதுங்கள், பதில் தருகிறேன்.