ஆறு இலக்க எண்ணை ஏன் சொல்லிவிடுகிறோம்?

கேள்வி: கணினிப் பாதுகாப்பு படிக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள்கூட வாட்ஸ்அப் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணைப் பிறருக்குச் சொல்லிவிடுகிறார்களே, ஏன்? பறிபோன கணக்கை மீட்க முடியுமா?
– கல்லூரி மாணவி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: கேட்பவர் அந்நியராகத் தெரிவதில்லை, அதுதான் காரணம். முதலில் கோயில் குழுவில் இருக்கும் அக்காவின் கணக்கு பறிபோகும். அதிலிருந்தே, "தங்கச்சி, என் கோடு தவறி உன் போனுக்கு வந்துவிட்டது, சீக்கிரம் அனுப்பு" என்று செய்தி வரும். அவசரப்படுத்துவதே யோசிக்க விடாமல் செய்யத்தான். உண்மையில் அந்தக் கோடு, அதாவது அந்த ஆறு இலக்க எண், உங்கள் கணக்கின் சாவி.

பறிபோனால் உடனே உங்கள் எண்ணைப் போட்டு வாட்ஸ்அப்பில் மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் புதிய கோடைப் போட்டதும் திருடர் வெளியே தள்ளப்படுவார். அவர் இருபடிச் சரிபார்ப்புக்கான பின் (PIN) என்ற கூடுதல் ரகசிய எண்ணை வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் ஆகும். அதற்குள், பணம் கேட்டுச் செய்தி வந்தால் அனுப்ப வேண்டாம் என்று உறவினர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

செட்டிங்ஸில் அக்கவுண்ட், இருபடிச் சரிபார்ப்பு என்று போய் ஆறு இலக்கப் பின் வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம். பாட்டியின் போனிலும் இன்றே வைத்துக் கொடுங்கள்.