அபராதம் நிறுவனத்துக்கு, சுமை பில்லுக்கா?

கேள்வி: கலிபோர்னியாவில் சான் ஹோசே அருகே வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். இரண்டு மாதங்களாகத் தெருமுனையில் அவ்வப்போது எரிவாயு வாடை வருகிறது. நிறுவனத்திடம் சொன்னால், “சிறு கசிவுதான், கண்காணிப்பில் வைத்திருக்கிறோம்” என்கிறார்கள். மாநில அரசிடம் புகார் செய்தால் அபராதம் விதிப்பார்களா? விதித்தாலும் அதைக் கடைசியில் எங்கள் பில்லில்தானே ஏற்றுவார்கள்?

பதில்: வாடை திடீரென்று வலுத்தாலோ வீட்டுக்குள் வந்தாலோ புகார் எழுத உட்காராதீர்கள். எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, தொலைவில் நின்று 911-ஐ அழையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் தெருவுக்கு அடியில் ஓடுவது வீடுகளுக்கு எரிவாயு தரும் விநியோகக் குழாய். மாநில எல்லைகளைத் தாண்டும் பெருங்குழாய்கள்மீது நடவடிக்கை எடுப்பது மத்திய அரசின் வேலை. உங்களுடையது கலிபோர்னியா பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது. மத்திய அரசு வகுத்த பாதுகாப்பு விதிகளைவிடக் கடுமையான விதிகளை இத்தகைய குழாய்களுக்கு மாநிலம் விதிக்கலாம். கலிபோர்னியா அப்படித்தான் செய்கிறது.

புகார் செய்பவர்கள் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கசிவு இருப்பது மட்டுமே விதிமீறல் ஆகிவிடாது. கசிவுகளை மூன்று கிரேடுகளாகப் பிரிக்கிறார்கள். கிரேடு 1 என்றால் உடனடி ஆபத்து, அப்போதே சரிசெய்ய வேண்டும். கிரேடு 2-ஐக் குறித்த கெடுவுக்குள் சரிசெய்ய வேண்டும். கிரேடு 3 ஆபத்தற்றது என்று கணிக்கப்பட்டது, அதை அவ்வப்போது திரும்பச் சோதிக்க வேண்டும். “கண்காணிப்பில் வைத்திருக்கிறோம்” என்ற பதிலைக் கேட்டால் உங்களுடையதைக் கிரேடு 3 என்று பதிந்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் தவறாகக் கணித்தாலோ, மறுசோதனையைத் தவறவிட்டாலோ, செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதிவைத்தாலோ அது விதிமீறல். அபராதம் அங்கேதான் பாய்கிறது.

அபராதத்தின் அளவு ஒரு மீறலுக்கு 500 டாலரிலிருந்து 1,00,000 டாலர் வரை. பெரிய நிறுவனத்துக்கு இது தூசு என்று நினைப்பீர்கள். ஆனால் மீறல் தொடரும் ஒவ்வொரு நாளையும் தனிக் குற்றமாகக் கணக்கிடச் சட்டம் இடம் தருகிறது. 2012-இல் கலிபோர்னியாவில் எரிவாயுவும் மின்சாரமும் வழங்கும் பிஜி அண்ட் இ நிறுவனத்துக்கு விதித்த 1.68 கோடி டாலரைப் பாருங்கள். கான்ட்ரா கோஸ்டா கவுண்டியில் சில குழாய் வரைபடங்கள் கோப்பிலிருந்து விடுபட்டுப் போனதால், அந்தக் குழாய்களில் பல ஆண்டுகள் கசிவுச் சோதனையே நடக்கவில்லை. அதை நிறுவனமே முன்வந்து ஒப்புக்கொண்டது. அப்படியும் தப்பவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதற்கு நல்ல பதில் சான் பிரான்சிஸ்கோ அருகே உள்ள சான் புரூனோ நகரில் நடந்த விபத்து. 2010 செப்டம்பர் 9 அன்று அங்கே 1956-இல் பதித்த குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. அந்தக் குழாயின் நீளவாட்டு மூட்டில் பற்றவைப்பு குறைபாடுடையது. நிறுவனத்தின் ஆவணத்திலோ அது மூட்டே இல்லாத குழாய்! எரிவாயுவை நிறுத்தவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2015-இல் ஆணையம் பிஜி அண்ட் இ மீது 160 கோடி டாலர் தண்டத்தை விதித்தது. அதில் 85 கோடி குழாய்ப் பாதுகாப்புப் பணிகளுக்கு, 30 கோடி மாநிலக் கருவூலத்துக்கு, 40 கோடி வாடிக்கையாளர் பில்களில் தள்ளுபடியாக, மீதி மற்றப் பரிகாரங்களுக்கு. அத்தனையும் பங்குதாரர் தலையில். இதே விவகாரத்தில் மத்திய நீதிமன்றம் குற்றவியல் வழக்கில் விதித்த அபராதம் 30 லட்சம் டாலர்தான். சட்டம் அனுமதித்த உச்சமே அவ்வளவு. ஆகவே மாநில ஆணையத்தைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள்.

ஆக, தண்டத்தைப் பில்லில் ஏற்ற விட மாட்டார்கள். ஆனால் குழாய் மாற்றும் வழக்கமான செலவுகள் கட்டண நிர்ணய விசாரணை வழியாக உங்கள் பில்லுக்கு வரத்தான் செய்யும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அபராதப் பணம் உங்கள் கைக்கும் வராது. உங்களுக்கு இழப்பு நேர்ந்தால் அதற்கு நிறுவனத்தின்மீது தனியாக வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கும்.

புகார் செய்வதற்கு முன் நிறுவனத்திடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: கசிவின் கிரேடு, கடைசியாகச் சோதித்த தேதி, அடுத்த சோதனைத் தேதி. வாடை வந்த நாள், நேரம், இடம், நீங்கள் அழைத்தபோது தந்த பதிவு எண் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அந்தப் பதிலையும் இணைத்து ஆணையத்துக்கு அனுப்புங்கள். பதில் தர மறுத்தால் மறுத்த தேதியையும் அதில் சேருங்கள்.