காட்டு மிருகத்தை வைத்து ஃபவுண்ட் ஃபுட்டேஜ் (யாரோ விட்டுப்போன கேமராவில் கிடைத்த பதிவு போலக் காட்டும்) குறும்படம் எடுத்தோம், யாருக்கும் பயமே வரவில்லை. எங்கே தப்பு?

மிருக வேஷம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலும் தப்பு ஒலியில்தான் இருக்கும். நடிகர்களுக்குக் காலர் மைக் மாட்டி, பின்னணி இசையும் சேர்த்திருந்தால், இது சினிமா என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கண்டெடுத்த கேமரா என்றால் அந்தக் கேமராவின் மைக்கில் விழுந்த சத்தம் மட்டுமே கேட்க வேண்டும்.

ராத்திரி, அதே இடத்தில், யாரும் பேசாமல் ஐந்து நிமிடம் வெறும் காட்டுச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். பூச்சிகளின் ரீங்காரம் எல்லாக் காட்சிக்கும் அடியில் ஓடட்டும். மிருகம் நெருங்கும்போது அந்த ரீங்காரத்தை இரண்டு மூன்று விநாடியில் அடக்குங்கள். பட்டென்று வெட்டினால் எடிட்டிங் தெரிந்துவிடும். கிளை முறியும் சத்தத்தை அறைக்குள் எடுத்து எக்கோ போடாதீர்கள். கட்டைவிரல் பருமனுள்ள காய்ந்த கிளையை ஒருவர் 20, 30 மீட்டர் தள்ளி நின்று முறித்தால் தூரமும் சேர்ந்தே பதியும். கேமராவின் ஆட்டோ கெயினை, அதாவது ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை, அணைக்க வேண்டாம். யாராவது கத்தினால் அது அளவை இறக்கிவிட்டு மெல்ல ஏற்றும். அந்த இடைவெளியில் மூச்சும் சருகுச் சத்தமும் மேலே எழும்பி வரும், அதற்கு ஈடான இசை கிடையாது.

2013இல் பாப்கேட் கோல்ட்த்வெய்ட் எடுத்த 'வில்லோ கிரீக்' படத்தில் கூடாரத்துக்குள் ஏறக்குறைய 19 நிமிடம் வெட்டே இல்லாமல் ஒரு காட்சி ஓடும். உள்ளே இரண்டு முகம், வெளியே சத்தம். அவ்வளவுதான்.

அடுத்தது வெளிச்சம். கேமரா மேலேயே ஒரு டார்ச், வேறு விளக்கு வேண்டாம். 2 மீட்டரில் விழும் வெளிச்சம் 6 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். பின்னால் இருக்கும் மரங்கள் தானாக இருளில் போய்விடும். ஃபோகஸை 2 மீட்டரில் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முன்னால் தொங்கும் இலையைப் பிடிக்க அலையும். செல்போனில் எடுத்துவிட்டுப் பழைய வீடியோ ஃபில்டர் போடாதீர்கள். செல்போனை வேகமாகத் திருப்பும்போது மரங்கள் சாய்ந்து நெளியும். முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பதியும் சிசிடி சென்சார் உள்ள பழைய கேம்கார்டரில் அப்படி வராது.

கேமராவை ஆட்டினால் போதும், இதற்கு என்ன திறமை வேண்டும் என்று சிலர் இங்கே வந்து எழுதுவார்கள். இந்த வகையில் புகழ்பெற்ற 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' 1997 அக்டோபரில் மேரிலாந்தில் எட்டே நாளில் எடுக்கப்பட்டது. நடிகர்கள் ஜிபிஎஸ் பார்த்து நடந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்பு, மற்றவர் பார்க்கக் கூடாது. ராத்திரி கூடாரத்தை உலுக்கி, குழந்தைகளின் குரலை ஒலிக்கவிட்டவர்கள் இயக்குநர்கள். அவ்வளவு திட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் அவர்கள் நடிகர்களுக்குச் சாப்பாட்டைக் குறைத்ததை மட்டும் காப்பியடிக்காதீர்கள்.

மிருகத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் தூரத்தில், சிறிதாக, ஒரே தடவை. 1967இல் புளஃப் கிரீக்கில் பேட்டர்சனும் கிம்லினும் எடுத்த பிக்ஃபுட் (காட்டில் இருப்பதாகச் சொல்லப்படும் குரங்கு மனிதன்) படச்சுருள் ஒரு நிமிடம்கூட ஓடாது. அந்த உருவம் பட்டப்பகலில், நடந்துகொண்டே ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். உண்மையா வேஷமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அந்த அளவு போதும் என்கிறேன்.

இன்னொன்று, மனசு பொறுக்காமல் சொல்கிறேன். ஒரு மணிநேரம் மிருகத்தை மறைத்து வைத்த படத்துக்கு அதன் முகத்தையே தம்ப்னெயிலாகப் போடுகிறார்கள். அந்த உழைப்பு முழுக்க வீண். நீங்களாவது வெறும் மரங்களைப் போடுங்கள். யூடியூபில் ஏற்றும்போது 4கே-வாக மாற்றி ஏற்றுங்கள், பிட்ரேட் (விநாடிக்குக் கிடைக்கும் தகவல் அளவு) கூடும். குறைந்த பிட்ரேட்டில் இருட்டுப் பகுதி கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.