மூவர்ணக் கொடியை வைத்துக் கலைப்படைப்பு செய்தால் வழக்கு வருமா?

கேள்வி: நுண்கலைக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். பாதாளச் சாக்கடையில் இறங்கி இறந்துபோன தூய்மைப் பணியாளர்களின் வீடுகளில் பழைய சேலை, சட்டைத் துணிகளை வாங்கி, சாயமேற்றி, 12 அடி உயரத்தில் தேசியக் கொடியாகத் தைத்திருக்கிறேன். வெள்ளைப் பட்டையில் நூலால் அசோகச் சக்கரம், அதைச் சுற்றி இறந்தவர்களின் பெயர்கள். சுவரில் மாட்டினால் கீழ்ப்பகுதி தரையில் புரளும், வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். இன்ஸ்டாகிராமில் படம் போட்டதும் ஒருவர் போலீஸில் புகார் கொடுப்பேன் என்கிறார். கேலரிக்காரர்கள் பயந்துபோய் எடுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் கொடியைத் தரையில் விரித்தே கண்காட்சி வைத்தார்களே, இங்கே மட்டும் ஏன்?

பதில்: அமெரிக்க உதாரணத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் சொல்வது 1989-இல் சிகாகோவில் டிரெட் ஸ்காட் வைத்த படைப்பு. அதே ஆண்டு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கொடியை எரிப்பதுகூடக் கருத்துச் சுதந்திரம்தான் என்று 5-4 என்ற கணக்கில் ஒரு டெக்சாஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதை இங்கே காட்டித் தப்பிக்க முடியாது. நம்மிடம் 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரிப்பது, சிதைப்பது, மிதிப்பது, வேறு விதமாக அவமதிப்பது எல்லாம் பிரிவு 2-இன்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கலைக்கென்று தனி விலக்கு அதில் கிடையாது. நான் தைத்தது நிஜக் கொடி இல்லையே என்ற வாதமும் எடுபடாது. ஓவியம், புகைப்படம், எந்தப் பொருளில் செய்த உருவம் ஆனாலும், கொடியின் ஒரு பகுதி ஆனாலும், சட்டத்தின் பார்வையில் அது கொடிதான்.

ஆனால் கொடியைப் படைப்பில் பயன்படுத்துவதே குற்றம் என்று எங்கும் சொல்லவில்லை, கேலரிக்காரர்களிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். நிஜக் கொடி எதையும் நீங்கள் வெட்டவில்லை, பழைய துணியில் புதிதாகத் தைத்திருக்கிறீர்கள், அதுவும் உங்களுக்குச் சாதகம்.

சிக்கல் இரண்டு இடத்தில்தான். எவையெல்லாம் அவமதிப்பு என்று அந்தப் பிரிவின் விளக்கம் வரிசையாகச் சொல்கிறது. கொடியின் மேல் எந்த எழுத்தையும் பொறிப்பது அதில் ஒன்று. வேண்டுமென்றே தரையில் படவிடுவது இன்னொன்று, அந்த 'வேண்டுமென்றே' என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது, நீங்களும் அதையே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை வேறு யாருக்கும் மெசேஜில் அனுப்பாதீர்கள்.

இனி உங்களுக்குத் தெம்பு தரும் தீர்ப்பு. 2013 கிறிஸ்துமஸ் விழாவில் கோவையில் ஆறடிக்கு ஐந்தடியில், இந்திய வரைபடத்தின் மேல் மூவர்ணமும் அசோகச் சக்கரமும் வரைந்த கேக்கை வெட்டிப் பரிமாறினார்கள். இதே சட்டத்தில் வழக்கு. 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதை ரத்து செய்தார். வெளிப்படையாகத் தெரியும் செயலை மட்டும் வைத்து தேசபக்தியை அளக்க முடியாது, பின்னால் இருக்கும் நோக்கம்தான் உண்மையான சோதனை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கேக்கையாவது வெட்டினார்கள், நீங்கள் எதையும் வெட்டவில்லை. இறந்தவர்கள் இந்த நாட்டின் குடிமக்கள் என்றுதான் உங்கள் படைப்பு சொல்கிறது, என் பார்வையில் அது அவமதிப்புக்கு நேர் எதிரானது. ஆனாலும் ஒன்று, அந்த வழக்கு முடிய ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசியில் ஜெயிப்பது வேறு, அதுவரை கோர்ட்டுக்கு அலைவது வேறு.

அதனால் என் யோசனை: தரையில் புரளும் பகுதியை மேலே தூக்கி மாட்டுங்கள், அதை விட்டுக்கொடுப்பதால் படைப்பின் உயிர் போய்விடாது. பெயர்களை நீக்காதீர்கள், கொடியின் உடம்பிலிருந்து மட்டும் நகர்த்துங்கள். பக்கத்தில் தனி வெள்ளைத் துணியில் அதே நூலில் தைத்து மாட்டலாம். இல்லை, பெயர்கள் கொடியிலேயே இருந்தாக வேண்டும் என்றால் அது உங்கள் முடிவு, நோக்கத்தை வைத்து வாதாட இடம் இருக்கிறது, ரிஸ்க்கும் இருக்கிறது. எப்படிச் செய்தாலும் என்ன செய்திருக்கிறோம், ஏன் செய்தோம் என்று அரைப்பக்கம் எழுதிப் படைப்பின் பக்கத்திலேயே வையுங்கள். துணி கொடுத்த குடும்பங்களிடம், பெயர் போடச் சம்மதம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மரியாதைக்காக எப்படியும் வாங்க வேண்டியது, பிரச்சினை வந்தால் உங்கள் நோக்கத்துக்கு அவர்களைவிடப் பெரிய சாட்சி யாரும் இல்லை.

சரி, புகார் கொடுத்தே விட்டார்கள் என்றால்? 3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய போலீஸுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் கைது கட்டாயம் இல்லை. அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. முதலில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடலாம், வந்தால் தவறாமல் போங்கள், தனியாகப் போகாமல் வக்கீலோடு போங்கள். 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், ஒரு கவிதைக்காகப் போட்ட எஃப்ஐஆரை ரத்து செய்தபோது, பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட இந்த அளவு தண்டனையுள்ள புகார்களில் வழக்குப் பதியும் முன் 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றும் சொல்லியிருக்கிறது. கலைப்படைப்புக்கும் அது பொருந்தும் என்று மனு எழுதிக் கொடுக்கலாம். கைது பயம் இருந்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பிஎன்எஸ்எஸ்) பிரிவு 482-இல் முன்ஜாமீன், எஃப்ஐஆரை ரத்து செய்ய பிரிவு 528-இல் உயர் நீதிமன்றம்.

இன்ஸ்டாகிராம் பதிவை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். நீங்கள் எழுதிய குறிப்பு, வந்த மிரட்டல் எல்லாவற்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அந்த ஆளுக்குப் பதில் போட வேண்டாம். கேலரிக்காரர்களுக்கு இன்னும் தயக்கம் என்றால் கோவைத் தீர்ப்பின் நகலைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுங்கள்.