பக்கத்து வளவு மாமரத்தில் வல்லூறு: எப்படிப் படம் எடுப்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். பக்கத்து வளவு மாமரத்தில் பருந்து போன்ற பறவை ஒன்று அடைகாக்கிறது. சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள். என்னிடம் 300 மில்லிமீற்றர் லென்ஸ் இருக்கிறது. ஒரு கிளை கூட்டை மறைக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லி அதை வெட்டுவிக்கலாமா?

பதில்: வெட்டக் கூடாது. ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். இறகு முளைக்காத குஞ்சு அந்த வெயிலைத் தாங்காது. பின்னேரம் இடியோடு வரும் மழையையும் தாங்காது. காகத்தின் கண்ணிலிருந்து கூட்டை மறைப்பதும் அதே கிளைதான். போதாததற்கு, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் பறவை வல்லூறு. தொண்டை நடுவே மெல்லிய கருங்கோடு ஓடினால் சந்தேகமே வேண்டாம். கண் நல்ல சிவப்பாக இருப்பது ஆண். பெண்ணின் கண் மஞ்சள் கலந்தது, உடலும் பெரிது.

காலி வீதி இரைச்சலைப் பொருட்படுத்தாத பறவைதான் இது. ஆனால் வீதியில் போகிறவர் வேறு, கூட்டையே உற்றுப் பார்த்தபடி நிற்கிறவர் வேறு. தாய் கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தாலோ, எழுந்து நின்று விடாமல் கத்தினாலோ உடனே விலகுங்கள். அது பறந்துபோனால் முட்டையைத் தூக்கக் காகத்துக்கு அரை நிமிடம் போதும். கொழும்பில் காகத்துக்கா பஞ்சம்? அடைகாக்கும் ஏறத்தாழ மூன்று வாரமும் கமராவை மூடி வைத்துவிட்டுத் தொலைநோக்கியால் பார்ப்பதே என் விருப்பம்.

குஞ்சுகளுக்கு இறகு வந்த பிறகும் பல்கனியில் நிற்க வேண்டாம். அறை விளக்கை அணைத்து, யன்னல் திரையின் இடைவெளியில் முக்காலியை வையுங்கள். ஷட்டர் ஓசையை நிறுத்துங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. பின்னால் வெளிறிய வானம் இருந்தால் பறவை கறுத்துவிடும், ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள். அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/250 நொடி போதும், பறப்பதற்கு 1/2000 வேண்டும். ட்ரோன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம்.

இன்னொன்று: நல்ல படம் பெரும்பாலும் கூட்டில் கிடைப்பதில்லை. ஆண் இரையைக் கூட்டுக்கே கொண்டுவராமல் அருகில் ஒரு கிளையில் அமர்ந்து குரல் கொடுக்கும். பெண் வந்து வாங்கிப் போகும். கீழே பிய்த்த இறகுகளும் வெள்ளை எச்சமும் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் அந்தக் கிளை தெரியும். அங்கே குவியத்தை வைத்துக் காத்திருங்கள். வந்தது ஓணானா, அணிலா, சிறு பறவையா என்று நேரத்தோடு குறித்துவையுங்கள். படத்தைவிட அந்தக் குறிப்பேட்டுக்கே நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

குஞ்சுகள் பறந்துபோகும் வரை படத்தையோ இடத்தையோ முகநூலில் போடாதீர்கள். பறக்கப் பழகும் குஞ்சு தரையில் விழுந்து கிடந்தால் வீட்டுக்குள் எடுத்துவர வேண்டாம். பூனையும் வாகனமும் எட்டாத ஒரு மதில் மேலோ கிளையிலோ விட்டுவிட்டு விலகுங்கள், தாய் தேடி வந்து இரை கொடுக்கும்.