கிவ் தெரியும், இன் தெரியும். ‘கிவ் இன்’ தெரியவில்லை

கேள்வி: நான் பெருந்துறை பக்கம் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். 2019-இல் இன்ஜினீயரிங் பாஸ் அவுட். இப்போது கோவையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அமெரிக்க கிளையன்ட்டோடு தினமும் மாலையில் கால் இருக்கும். மெயிலில் வருவதெல்லாம் புரிகிறது, பேச்சில்தான் தடுமாறுகிறேன். போன மாதம் அங்கிருக்கும் மேனேஜர் “லெட்ஸ் ஹோல்ட் ஆஃப் ஆன் தி ரிலீஸ்” என்றார். ஹோல்ட் என்றால் பிடித்துக்கொள்வதுதானே, தயாராக வைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து அன்றிரவே அனுப்பிவிட்டேன். அவர் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார். டீம் முன்னால் தலைகுனிவாகிவிட்டது. இப்படி வினையோடு ‘ஆஃப்’, ‘அப்’ போன்ற சின்னச் சொல் சேர்ந்து வேறு அர்த்தம் தருவதை ஃபிரேசல் வெர்ப் என்கிறார்கள். ஆயிரம் ஃபிரேசல் வெர்ப் உள்ள ஒரு புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்கிறேன். ‘கெட்’ பக்கத்துக்கு வருவதற்குள் ‘கால்’ பக்கம் மறந்துபோகிறது. எனக்கு இது வருமா? மெயிலிலும் இப்படி எழுதினால்தான் மதிப்பா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கட்டாயம் வரும். முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். மறந்துபோவதில் உங்கள் ஞாபகசக்திமேல் எந்தக் குறையும் இல்லை. கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர், கெட் பை, கெட் த்ரூ என்று ஒரே வினையில் தொடங்குவதை எல்லாம் அடுத்தடுத்துப் படித்தால் யாருக்கும் ஒன்றோடொன்று கலந்துதான் போகும். அகரவரிசை, தேடி எடுக்க வசதி. மனதில் நிற்க அது உதவாது.

போஸ்ட்போன், கேன்சல், டாலரேட், இன்வெஸ்டிகேட். இந்த நான்குக்கும் அர்த்தம் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். இதே நான்கும்தான் பேச்சில் புட் ஆஃப், கால் ஆஃப், புட் அப் வித், லுக் இன்டு என்று வருகின்றன. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் லத்தீனும் கோலோச்சின. அந்த வழியில் வந்த நீளமான சொற்கள் எழுத்துக்கும் அலுவலுக்கும் உரியவை ஆயின. ஜனங்களின் பழைய குட்டி வினைகள் பேச்சில் தங்கிவிட்டன. நம் பாடப்புத்தகம் கற்றுத்தந்தது பெரும்பாலும் முதல் வகையை. மெயில் புரிந்து பேச்சு புரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த உங்கள் டீம்காரர்கள் பலருக்கும் இதே சிரமம் இருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள். 1755-இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்து அர்த்தத்தை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய கஷ்டம் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

ஆனால் தமிழருக்கு இது புது வித்தை இல்லை. ‘விட்டுக்கொடு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விடு தெரியும், கொடு தெரியும் என்கிற வேற்றுமொழிக்காரர் ஒருவர், தம்பிக்காக அக்கா விட்டுக்கொடுத்தாள் என்பதைக் கேட்டால் எதை விட்டாள், எதைக் கொடுத்தாள் என்றுதான் முழிப்பார். காட்டிக்கொடு, சொல்லிக்கொடு எல்லாம் அப்படித்தான். ஆங்கிலத்தில் கிவ் இன் என்றால் விட்டுக்கொடுப்பது, கிவ் அவே என்றால் காட்டிக்கொடுப்பது. இரண்டு மொழியிலும் உள்ளே இருப்பது கொடுப்பதுதான்! லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். அங்கேயும் ‘பார்’ இருக்கிறது. ட்ரை அவுட் என்றால் செய்து பார். ஃபைண்ட் அவுட் என்றால் கண்டுபிடி. புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்.

எல்லாவற்றுக்கும் இப்படி ஜோடி அமையாது. அமையும் இடத்தில் விட்டுவிடாதீர்கள். நோட்டில் எழுதும்போது அகராதியில் உள்ள ஆங்கில விளக்கத்தைப் படியெடுக்காமல், வீட்டில் நாம் சொல்லும் வினையைப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழே உங்கள் ஆபீஸிலேயே நடந்த ஒரு விஷயத்தை வைத்து ஒரு முழு வாக்கியம். ‘கிளையன்ட் கேவ் இன் ஆன் தி டெட்லைன்’ என்று எழுதி, ‘தேதி விஷயத்தில் விட்டுக்கொடுத்துவிட்டார்’ என்று பக்கத்தில் போட்டால் அது சீக்கிரம் மறக்காது.

அடுத்தது, வினையைப் பிடித்துக்கொண்டு போகாமல் பின்னால் வரும் சின்னச் சொல்லைப் பிடியுங்கள். உங்களைக் கவிழ்த்த ‘ஆஃப்’ பெரும்பாலும் விலகலைச் சொல்லும். டேக் ஆஃப், விமானம் தரையை விட்டுக் கிளம்புவது. கட் ஆஃப், துண்டித்துவிடுவது. புட் ஆஃப், தேதியைத் தள்ளிவைப்பது. கால் ஆஃப், ரத்து செய்வது. ஹோல்ட் ஆஃப், இப்போது வேண்டாம் என்று விலக்கி நிறுத்திவைப்பது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்திருந்தால், ஹோல்ட் என்பதன் அகராதி அர்த்தம் உங்களை ஏமாற்றியிருக்காது. ‘ஹோல்ட் ஆன்’ என்று வந்தால் மட்டும் ‘ஒரு நிமிஷம் இருங்கள்’.

‘அப்’ பல இடங்களில் முழுசாக முடித்துவிடுவதைக் காட்டும். ஈட் அப், சாப்பிட்டு முடித்துவிடு. யூஸ் அப், மிச்சமில்லாமல் தீர்த்துவிடு. தமிழில் ‘விடு’ செய்யும் வேலை. இன்னொரு பக்கம், இல்லாதது முன்னால் வந்து நிற்பதையும் அதுவே சொல்லும். ஷோ அப், ஆள் வந்து சேர்வது. பிரிங் அப், மீட்டிங்கில் ஒரு பேச்சை எடுப்பது. கம் அப் வித், ஒரு யோசனையைக் கொண்டுவருவது. ‘அவுட்’ மறைந்திருந்தது வெளியே வருவதற்கு: ஃபைண்ட் அவுட், ஃபிகர் அவுட், பாயின்ட் அவுட். கையிருப்பு காலியாவதற்கும் அதுதான்: ரன் அவுட், செல் அவுட்.

இந்தக் கணக்கு உடையும் இடமும் உண்டு. ‘தி லைட்ஸ் வென்ட் ஆஃப்’ என்றால் விளக்கு அணைந்தது. ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் அடித்தது. இதற்கெல்லாம் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள், வாக்கியத்தோடு அப்படியே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆயிரம் தேவையா என்றால், தேவையே இல்லை. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், சுமார் 10 கோடி சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸ் என்ற தொகுப்பை அலசி 2007-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்பில் ஃபிரேசல் வெர்ப் வரும் இடங்களில் பாதிக்கு மேல், அதிகம் புழங்கும் 100 மட்டுமே மாறி மாறி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பல அர்த்தம் உண்டே என்பதற்காக 2015-இல் கார்னியே, ஷ்மிட் இருவரும் 150-ஐத் தேர்ந்தெடுத்து, நடைமுறையில் அதிகம் வரும் அர்த்தங்களை மட்டும் சேர்த்து ‘ஃபேவ் லிஸ்ட்’ (PHaVE List) என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு உங்கள் வேலையில் ஓயாமல் வருபவை இருக்கின்றன: ரோல் அவுட், ரோல் பேக், செட் அப், ஃபாலோ அப், சைன் ஆஃப், ரூல் அவுட், கெட் பேக் டு. இவை பாதி உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இனி, காது. படித்தது தெரிந்திருந்தும் கேட்கும்போது பிடிபடாததற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. கால் இட் ஆஃப் என்று யாரும் பிரித்துப் பிரித்துச் சொல்வதில்லை. ‘காலிடாஃப்’ என்று ஒரே மூச்சில் வரும். ஃபிகர் இட் அவுட், ‘ஃபிகரிடவுட்’. அமெரிக்கர் வாயில் நடுவில் இருக்கும் ட் மெலிந்து கிட்டத்தட்ட ட-வுக்கும் ர-வுக்கும் இடையில் ஒலிக்கும். தமிழில் கால், அடி இரண்டும் சேர்ந்து காலடி ஆகும் அதே புணர்ச்சிதான் இது. மெய்யின் மேல் உயிர் வந்து ஏறுகிறது, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே ஒவ்வொரு புதுச் சொல்லையும் ‘இட்’ சேர்த்து, ஒட்டிய ஒலியோடு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நம் வாய் சொல்லிப் பழகியதைக் காது சீக்கிரம் பிடிக்கும்.

இதிலேயே ஒரு இலக்கணமும் அடங்கிவிடுகிறது. புட் ஆஃப், கால் ஆஃப், ஃபிகர் அவுட் போன்றவற்றில் இட், தெம், ஹிம் நடுவில்தான் வரும். ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு. லுக் ஆஃப்டர், லுக் இன்டு இரண்டும் பிரியாது. ‘லுக் இன்டு இட்’ என்றுதான் வரும். எது எந்த வகை என்பதற்கு அழுத்தம் ஓரளவு வழி காட்டும். பேசுகிறவர் ‘ஆஃப்’, ‘அவுட்’ என்ற சின்னச் சொல்லை அழுத்திச் சொன்னால் பெரும்பாலும் பிரியும். ‘லுக்’கை அழுத்தி ‘இன்டு’வை விழுங்கினால் பிரியாது.

கடிதத்தில் ‘2019-இல் பாஸ் அவுட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே எல்லோருக்கும் புரியும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்கர் காதில் அது மயங்கி விழுந்தேன் என்று விழும். அவர்களிடம் கிராஜுவேட்டட் என்று சொல்லுங்கள். அதேபோல ‘கோப் அப் வித்’ என்று நாம் சொல்வதில் அப் வேண்டாம், ‘கோப் வித்’ போதும்.

மெயில் விஷயத்தில் கவலையே வேண்டாம். டீமுக்குள் பேச்சுநடையில் போகும் சின்ன மெயில் என்றால் ‘ஐ வில் லுக் இன்டு இட்’ இயல்பாக இருக்கும். கிளையன்ட்டுக்குப் போகும் ரிப்போர்ட், ஒப்பந்தம், புகார் இவற்றில் போஸ்ட்போன், இன்வெஸ்டிகேட் என்றே எழுதுங்கள். அங்கே உங்கள் பள்ளிக்கூட ஆங்கிலம்தான் பொருத்தம். பேச்சிலும் அவசரப்பட்டுக் கோர்க்க வேண்டாம். முதலில் புரிந்தால் போதும். பலமுறை காதில் விழுந்ததை வாய் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

அதுவரை கிளையன்ட்டோடு பேசும் கால்களில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். முடிவு, தேதி, ரிலீஸ் என்று ஏதாவது வந்தால், கேட்டதை உங்கள் சொந்த ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுங்கள்: “ஸோ வீ போஸ்ட்போன் தி ரிலீஸ் டில் மன்டே, கரெக்ட்?” அவர் ‘யெஸ்’ என்றபின் அதையே ஒரு வரி மெயிலாகப் போட்டுவிடுங்கள். அனுபவம் உள்ள மேனேஜர்கள்கூட இப்படித்தான் செய்கிறார்கள், யாரும் உங்களைக் குறைத்து நினைக்க மாட்டார்கள். புரியாத ஒன்று வந்தால் அங்கேயே “வாட் டு யூ மீன் பை தட்?” என்று கேட்டு, கால் முடிந்ததும் நோட்டில் ஏற்றிவிடுங்கள்.