பேரத்துக்கு முன்னால் பில்லைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் ஒரே டி.டி.எச். இணைப்பு. ஹாலில் ஒரு எல்.இ.டி. டி.வி., மாடி அறையில் பழைய பிக்சர் டியூப் டி.வி. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து மாதம் 696 ரூபாய் ஆகிறது. மாமனாருக்குச் செய்தி, மாமியாருக்கு சீரியலும் பழைய படமும். இதைத் தவிர வேறு எதுவும் ஓடுவதில்லை. மாடி டி.வி. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால்தான் போடுவோம். மாமனாரின் பென்ஷனில் இருந்துதான் கட்டுகிறோம். போன் செய்து குறைக்கச் சொன்னேன். "சிஸ்டத்துல வேற ரேட் இல்ல மேடம்" என்று வைத்துவிட்டார்கள். உண்மையிலேயே குறையாதா? பில் நகல் இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, பழனி

பதில்: குறையும். போனில் பேசியவர் சொன்னதும் பொய் இல்லை. நீங்கள் வைத்திருக்கும் பேக்குக்கு அவருடைய திரையில் ஒரே விலைதான் தெரியும். அதே பேக்கை வைத்துக்கொண்டு "குறைங்க" என்று கேட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது. முதலில் பேக் மாற வேண்டும், அதன் பிறகுதான் பேரம். வரிசை மாறினால் ஆதாயம் பாதியாகிவிடும். ஏன் என்று கீழே வருகிறது.

பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஹால் பெட்டிக்கு நெட்வொர்க் கட்டணம் 130, சேனல்களுக்கு 240, இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 66.60, ஆக 436.60 ரூபாய். மாடிப் பெட்டிக்கு நெட்வொர்க் கட்டணம் 52, சேனல்களுக்கு 168, ஜி.எஸ்.டி. 39.60, ஆக 259.60. நெட்வொர்க் கட்டணம், சேனல் விலை, ஜி.எஸ்.டி. ஆகிய மூன்று தொகைகளும் மூன்று விதமானவை. ஜி.எஸ்.டி.யில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் மற்ற இரண்டில் 100 ரூபாய் குறைத்தால் கையில் மிச்சமாவது 118 ரூபாய் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நெட்வொர்க் கட்டணம் என்பது சேனல்களை உங்கள் வீடு வரை கொண்டு வருவதற்கு டி.டி.எச். நிறுவனம் வாங்கும் கூலி. 200 சேனல் வரை 130 ரூபாய், அதற்கு மேல் 160 ரூபாய், கூடுதல் டி.வி.க்கு அதில் 40 சதவீதம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்சவரம்பு வைத்திருந்தது. உங்கள் பில்லில் 52 என்ற எண் அங்கிருந்து வந்ததுதான். 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை எடுத்துவிட்டது. இப்போது நிறுவனமே தொகையை முடிவு செய்யலாம், ஊருக்கு ஊர், வாடிக்கையாளர் வகைக்கு வகை வேறுபடுத்தலாம், ஆனால் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஆகவே "இது டிராய் போட்ட ரேட்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பேரத்துக்கு இடம் உள்ள தொகை இதுதான்.

சேனல் விலை வேறு கதை. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் அதை நடத்துபவர்கள் ஓர் அதிகபட்ச விலை அறிவிக்கிறார்கள். டி.டி.எச். நிறுவனம் அதற்கு மேல் வாங்கக் கூடாது, குறைத்துக் கொடுக்கலாம். அதில் பெரும்பகுதி சேனல்காரருக்குப் போய்விடுவதால் போனில் கெஞ்சி இதைக் குறைக்க முடியாது. வேண்டாத சேனலை எடுத்தால்தான் குறையும். எடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தனித்தனிச் சேனலாகக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், பேக்கைத் திணிக்க முடியாது.

ஒரு வாரம் மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். டி.வி. பக்கத்தில் தேதி கிழித்த காலண்டர் தாள் ஒன்றும் பேனாவும் வையுங்கள். யார் எந்தச் சேனல் பார்த்தாலும் அதன் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை முழுதாகப் போக வேண்டும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது வேறாக இருக்கும். உங்கள் வீடு போன்ற வீட்டில் அந்தத் தாளில் பத்து எண்கள் தேறினாலே அதிகம். அவற்றிலும் செய்திச் சேனல்கள் பல இலவச வகை, நெட்வொர்க் கட்டணத்திலேயே வந்துவிடும். சன் டி.வி., கே டி.வி., விஜய், ஜீ தமிழ் போன்றவைதான் காசு கொடுக்க வேண்டியவை.

அடுத்து, தாளையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பில்லில் எங்கள் கண்ணில் பட்ட முதல் ஓட்டை: ஹெச்.டி. தமிழ் பேக் ஒன்று இருக்கிறது, அதே சேனல்களின் சாதாரண வடிவமும் தனியாகச் சேர்ந்திருக்கிறது. ஒரே சீரியலுக்கு இரண்டு விலை! எப்போதோ பேக் மாற்றியபோது பழையது நீக்கப்படாமல் தங்கியிருக்கும். நிறைய வீடுகளில் இது உண்டு. இரண்டாவது ஓட்டை மாடியில். பழைய பிக்சர் டியூப் டி.வி.க்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள வயரில்தான் இணைப்பு போகும். அந்த வயர் வழியாக ஹெச்.டி. படம் வரவே வராது. ஹாலில் உள்ள ஹெச்.டி. பேக்கை அப்படியே மாடிக்கும் போட்டுவிட்டதால், திரையில் தெரியாத துல்லியத்துக்கு மாதாமாதம் காசு போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாவது, விளையாட்டுச் சேனல்கள். ஐ.பி.எல். நடக்கும் இரண்டு மாதம் வேண்டுமானால் சேர்த்து, முடிந்ததும் எடுக்கலாம். சேர்த்த சேனலை 30 நாளைக்கு எடுக்க முடியாது என்ற விதி சில நிறுவனங்களில் உண்டு, அதைக் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனிச் சேனலா, பல சேனல் நடத்தும் குழுமம் ஒன்றாகச் சேர்த்து விற்கும் தொகுப்பா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சேனல் குழுமம் தன் தொகுப்பில் தனி விலைகளின் கூட்டுத்தொகையில் 45 சதவீதம் வரைதான் தள்ளுபடி தரலாம், தொகுப்பில் வைக்கும் எந்தச் சேனலும் 19 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. இதை வைத்துக் கணக்குப் போடலாம். ஐந்து சேனல்களின் தனி விலை மொத்தம் 54 ரூபாய் என்று வையுங்கள். தொகுப்பு 29.70க்குக் கீழே போக முடியாது. அதில் நீங்கள் பார்ப்பது 19 ரூபாய்ச் சேனல் இரண்டு என்றால் தனியாக 38 ஆகும், தொகுப்பு 30 ரூபாய்க்குக் கிடைத்தால் அதுவே மலிவு. ஒரே ஒரு 19 ரூபாய்ச் சேனல்தான் பார்ப்பீர்கள் என்றால் தனியாக எடுங்கள். 'தனித்தனியாக எடுத்தால் எப்போதும் லாபம்' என்று நம்பி, கூடுதலாகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் தேவைக்கு ஹால் பெட்டியின் சேனல் செலவு 240இல் இருந்து 125 ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்று பில்லைப் பார்த்தாலே தெரிகிறது. நெட்வொர்க் கட்டணத்தோடு 255, வரி சேர்த்து 300.90. மாடிப் பெட்டியில் கட்டணச் சேனல்களை எல்லாம் எடுத்துவிட்டால் 52 ரூபாயும் வரியுமாக 61.36. மொத்தம் 362.26 ரூபாய். யாரிடமும் ஒரு வார்த்தை பேரம் பேசாமலே மாதம் சுமார் 334 ரூபாய், வருடத்துக்கு 4,000 ரூபாய் மிச்சம். பென்ஷன்காரர் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை.

இப்போது பேரம். ரீசார்ஜ் முடிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு கூப்பிடுங்கள். கணக்கில் ஒரு வருடத்துப் பணம் கிடக்கும்போது கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள். பேசுவதற்கு முன் உங்கள் தெருவில் உள்ள கேபிள்காரரிடமும் வேறு டி.டி.எச். விற்கும் கடையிலும் அதே சேனல்களுக்கு என்ன விலை, பெட்டிக்கும் மாட்டுவதற்கும் எவ்வளவு என்று விசாரித்து எழுதி வையுங்கள். இல்லாத விலையைச் சொல்லி மிரட்டாதீர்கள், அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பெட்டியையும் கவனியுங்கள்: ஒரு நிறுவனத்தின் பெட்டி நடைமுறையில் இன்னொன்றுக்கு உதவாது. மாறினால் இரண்டு புதுப் பெட்டி செலவு உண்டு. அந்தச் செலவு எத்தனை மாத மிச்சத்தில் ஈடாகும் என்று தெரிந்தால்தான் 'மாறிவிடுவேன்' என்று மனதாரச் சொல்ல முடியும்.

பதிவான கைபேசி எண்ணில் இருந்து கூப்பிட்டு, இணைப்பை நிறுத்துவது பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். முதலில் எடுப்பவருக்குச் சலுகை போட அதிகாரம் இருக்காது. விலகப் போகும் வாடிக்கையாளரைத் தக்கவைக்கப் பேசும் ரிடென்ஷன் டீமுக்கு மாற்றச் சொல்லுங்கள். அங்கே சுருக்கமாக, மரியாதையாக: "பதினோரு வருஷமா உங்ககிட்டதான் இருக்கோம். பேக்கைக் குறைச்சாச்சு, இப்ப 362 ரூபாய் வருது. வெளியில இன்ன விலைக்குக் கிடைக்குது. 300 ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்தா இங்கேயே இருக்கோம்." ஒரே எண்ணைச் சொல்லுங்கள், சொன்னதும் பேச்சை நிறுத்துங்கள். "ஏதாவது பார்த்துக் குறைங்க" என்றால் பத்து ரூபாய்தான் குறையும்.

அவர்கள் அநேகமாகச் சொல்லப்போகும் பதில் இதுதான்: "மேடம், உங்க பழைய பேக்கையே மூணு மாசத்துக்கு 150 ரூபாய் குறைச்சுப் போட்டுத் தரேன், எல்லா சேனலும் அப்படியே இருக்கும்." கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். 696இல் 150 போனால் 546, உங்கள் 362ஐ விட 184 ரூபாய் அதிகம், நான்காவது மாதம் மறுபடி 696. முதலில் பேக், பிறகு பேரம் என்று சொன்னதன் காரணம் இதுதான். குறைத்த பேக்குக்கே சலுகை வேண்டும் என்பதில் உறுதியாக நில்லுங்கள். நெட்வொர்க் கட்டணத்தில் கழிவு, மாடிப் பெட்டியின் 52 ரூபாயைத் தள்ளுவது, வருட ரீசார்ஜுக்கு ஒன்று இரண்டு மாதம் இலவசம் — கிடைக்கக்கூடியவை இவை. வருடத்துக்குக் கட்டுவதற்கு முன், நடுவில் இணைப்பை விட்டால் மீதிப் பணம் திரும்புமா என்று கேளுங்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் நான்கு விஷயங்கள் தெளிவாக வேண்டும்: எத்தனை மாதம், அதன்பின் என்ன விலை, ஜி.எஸ்.டி. சேர்த்தா, இரண்டு பெட்டிக்குமா. எஸ்.எம்.எஸ். வரும்வரை போனை வைக்காதீர்கள். கோரிக்கை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் அழைப்பில் மறுத்தால் ரீசார்ஜ் முடிய விட்டுவிடலாம். முன்பணக் கணக்கு என்பதால் பாக்கி ஏறாது. சில நாளில் அவர்களே கூப்பிட்டு விலை சொல்வது வழக்கம். மாமியாரின் சீரியல் நின்றுபோகுமே என்பதுதான் சங்கடம், அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஆனால் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், மீண்டும் இயக்கத் தனிக் கட்டணம் கேட்கலாம். இந்த நாட்களில் "ஆறு மாதம் பாதி விலை" என்று தெரியாத எண்ணில் இருந்து லிங்க்கோ ஓ.டி.பி.யோ கேட்டு அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். உண்மையான சலுகை நிறுவனத்தின் செயலியில் உங்கள் கணக்கிலேயே தெரியும்.

கேபிள் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தெருவுக்கு வந்து வசூலிக்கும் ஆபரேட்டர், தனக்குச் சேனல்களைக் கொடுக்கும் பெரிய கேபிள் நிறுவனத்தோடு பங்கு போடுகிறார். தனி உடன்பாடு இல்லாவிட்டால் டிராய் விதிப்படி நெட்வொர்க் கட்டணத்தில் 55 சதவீதம் அந்த நிறுவனத்துக்கு, 45 சதவீதம் ஆபரேட்டருக்கு. சேனல் விலையைக் குறைக்கச் சொல்லி அவரை நெருக்கிப் பயனில்லை. இரண்டாவது டி.வி.யின் கட்டணம், வயர் இழுக்கும் கூலி, பெட்டி மாற்றும் செலவு — இவற்றில் அவர் விட்டுக்கொடுப்பார்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். பேக் மாறிய அன்றே மாமியாரை உட்காரவைத்து, தாளில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்று வராவிட்டாலும் அப்போதே சேர்த்துவிடலாம். அடுத்த ரீசார்ஜில் பேசிய தொகையைவிட அதிகம் பிடித்தால் கோரிக்கை எண்ணைச் சொல்லிப் புகார் செய்யுங்கள், நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி வரை போங்கள். அங்கும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சலுகை முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பாகக் காலண்டரில் வட்டம் போடுங்கள், அன்று மறுபடி கூப்பிட வேண்டும். ஏப்ரல் கடைசியில் இன்னொரு வட்டம்: பேரப்பிள்ளைகள் வருமுன் மாடிப் பெட்டியில் கார்ட்டூன் சேனல் ஒன்றை மட்டும் சேர்க்க. ஹெச்.டி. இல்லாததாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.